பாடலும் பாடமும்: மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை

திருவண்ணாமலைக்கு அருணாசல புராணம் பாடிய சைவ எல்லப்ப நாவலரே திருச்சிராப்பள்ளி மலைக்குச் செவ்வந்திப் புராணமும் பாடினார். ஓர் ஊரின் இறைவனைப் பாடிய புலவரின் புகழைக் கேட்டு, இன்னோர் ஊரார் தம் பதிக்கும் ஒரு புராணம் வேண்டுமென விழைவது தமிழகத்தில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். அவ்வழக்கின் கடைசிப் பெரும் புலவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தலபுராணம் மட்டும் 22 பாடியவர். பிள்ளைத்தமிழ் 10 பாடியவர். எழுத்தைத் தவிர வேறு வருவாய் அவருக்கு இருந்ததில்லை. நூலுக்கு உரிமைத்தொகையோ கற்பித்தலுக்கு ஊதியமோ கிடைக்காத காலத்தில் ஒருவர் எழுதியும் கற்பித்தும் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அவருடைய வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த எண்ணெயூரில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. மதுரையிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பமாதலின் மகனுக்கு அவ்வூர்த் தெய்வங்களின் பெயரே அமைந்தது. தந்தையார் தமிழாசிரியர், பிறகு அதவத்தூருக்கும் சோமரசம்பேட்டைக்கும் குடிபெயர்ந்தவர். மகனுக்கு முதலாசிரியரும் அவரே. நிகண்டும் சதகமும் அந்தாதியும் மனப்பாடமான இளமையில், ஏறத்தாழ 15ஆம் வயதில், பிள்ளையவர்கள் தந்தையை இழந்தார். அதன்பின் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையை அடைந்து, கற்பதற்கு ஆள் தேடுவதையே நாள்தோறும் செய்யும் வேலையாகக் கொண்டார்.

அக்காலத்தில் கற்றல் என்பது ஓரிடத்தில் அமர்ந்து முறையே முடிக்கும் செயலன்று. ஒருவருக்கு ஒரு நூல் வரும். இன்னொருவருக்கு வேறொரு நூல் வரும். ஏட்டுச்சுவடி வைத்திருப்பவருக்குப் பொருள் தெரியாது. பொருள் தெரிந்தவரிடம் சுவடி இராது. முத்துவீரியம் என்னும் இலக்கண நூலின் ஆசிரியராகிய உறையூர் முத்துவீர உபாத்தியாயர், திரிசிரபுரம் சோமசுந்தர முதலியார், திருவாவடுதுறை ஆதீனத்தின் கிளை மடத்தில் இருந்த வேலாயுத முனிவர் முதலியோரிடம் பிள்ளையவர்கள் சிறிது சிறிதாகக் கற்றார். தண்டியலங்காரம் பாடம் சொல்ல வல்லவர் எவரும் அகப்படவில்லை. இறுதியில் அந்நூலை அறிந்தவர் தெருத்தெருவாகப் பிச்சையேற்றுத் திரிந்த ஒரு பரதேசி என்று தெரியவந்தது. அவர் எளிதில் பிறருக்குச் சொல்லித் தருபவரும் அல்லர். பிள்ளையவர்கள் அவர் பின்னே வீடு வீடாகச் சென்றார். அவருக்கு வேண்டுவன செய்தார். இரண்டு வீடுகளுக்கு இடையே அவர் உதிர்த்த விளக்கங்களை மனத்தில் வாங்கிக்கொண்டார். அணியிலக்கணத்தை இவ்வளவு தொலைவு நடந்து கற்றவர் தமிழ் வரலாற்றில் மிகச் சிலரே இருப்பர். பிற்காலத்தில் தம்மிடம் வந்த எவரையும் அவர் ஒரு நாளேனும் திருப்பி அனுப்பாமைக்கு இவ்வலைச்சல் காரணமாயிருந்திருக்கக் கூடும்.

சுவடியை விலைக்கு வாங்கப் பொருள் இல்லாதவர் அதை இரவல் பெற்றுத் தாமே படியெடுக்க வேண்டும். பிள்ளையவர்கள் பல நூல்களை எழுதியெழுதியே தமக்குரியன ஆக்கிக்கொண்டார். படியெடுக்கும் கைக்கு யாப்பும் பழகிவிடுகிறது. பிறர் வியந்த அவருடைய விரைவுக்கு இப்பயிற்சி அடிப்படையாயிற்று எனலாம். பின்னர்ச் சென்னை சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார், திருத்தணிகை விசாகப்பெருமாளையர் முதலியோரிடமும் பாடங் கேட்டார். 1835ஆம் ஆண்டில் இந்தியர் தாமே அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடை நீங்கியபின், சென்னை தமிழ்ப் புத்தகங்களின் தலைநகராக வளர்ந்துகொண்டிருந்தது. அவர் அச்சுலகத்தை அருகிருந்து கண்டார். ஆயினும் அங்கே தங்கவில்லை. காவிரிக் கரைக்கே திரும்பினார்.

இவ்விடத்தில் அவருடைய காலத்தவராகிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை நினைத்தல் பொருந்தும். நாவலர் 1848இல் பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே அச்சுப் பொறியும் வாங்கினார். பிறகு சென்னையிலும் அச்சகம் நிறுவினார். எழுதுவதும் பதிப்பிப்பதும் கற்பிப்பதும் ஒருவர் கைக்குள்ளேயே அமையும் புதிய வழியை அவர் வகுத்தார். இருவரையும் பாராட்டிப் பட்டம் அளித்தது ஒரே திருவாவடுதுறை ஆதீனந்தான். நாவலர் பதிப்புகளுக்குப் பிள்ளையவர்கள் சிறப்புப் பாயிரமும் வழங்கியிருக்கிறார். எனினும் நாவலரின் கை அச்செழுத்தை நம்பியது. பிள்ளையவர்களின் நா கேட்போர் கூட்டத்தை நம்பியது. உரைநடையில் நாவலர் செய்ததைப் பிள்ளையவர்கள் செய்ய முயன்றதாகவே தெரியவில்லை. அவருடைய நூல்கள் அச்சேறின. ஆனால் அச்சிடும் பொறுப்பைப் பெரும்பாலும் பாடுவித்த செல்வர்களும் அன்பர்களுமே ஏற்றனர்.

புராணம் பாடுதல் என்னும் தொழில் நடந்த முறையைச் சற்று விரிவாகக் காண வேண்டும். ஓர் ஊரின் கோயில் அதிகாரிகளோ செல்வர்களோ, அரசாங்க உத்தியோகத்தில் உள்ளவர்களோ முதலில் கூடுவர். வடமொழியில் அத்தலத்துக்கு மான்மியம் இருப்பின் அதனை வல்லார் ஒருவரைக்கொண்டு தமிழ் வசனமாக்குவர். அவ்வசனத்தைப் புலவர் செய்யுளாக்குவார். வசனத்தில் கதை மட்டுமே இருக்கும். நாட்டுச் சிறப்பும் நகரச் சிறப்பும் புலவர் தம் புலமையால் படைத்துச் சேர்ப்பவை. காவிரியையும் வயலையும் சோலையையும் 22 முறை பாடியும் கற்பனை வறளாமல் இருந்தது என்பதே பிள்ளையவர்களைக் கற்றோர் வியந்ததன் காரணம். இன்றைய வாசகருக்குச் சலிப்பூட்டும் பகுதியும் அதுவேயாகலாம். அக்காலத்து அவையினர் அதற்காகவே காத்திருந்தனர். பாடி முடித்தபின் கோயில் மண்டபத்தில் அரங்கேற்றம் நடைபெறும். நாள்தோறும் சில பாடல்களைப் படித்துப் பொருள் சொல்வார். அவையில் இருப்போர் தடை எழுப்புவர். விடை கூற வேண்டும். திங்கட் கணக்கில் நீளும் இந்நிகழ்ச்சி முடிந்தபின் சுவடிக்கு ஊர்வலமும் புலவருக்குப் பொன்னாடையும் பொருளும் உண்டு. உறையூர், மாயூரம், கும்பகோணம், நாகைக்காரோணம் முதலிய பல தலங்களின் புராணங்கள் இவ்வழியே தோன்றின.

இவ்வருவாய்க்கு ஒழுங்கான காலம் இல்லை. பாடத் தொடங்கும்போது கிடைப்பது சிறிது. அரங்கேற்றத்தின் முடிவிற் கிடைப்பது பெரிது. இடைப்பட்ட திங்கள்களில் கிடைப்பது ஒன்றுமில்லை. அப்போதும் வீட்டில் மாணாக்கர் உண்ண வேண்டும். பிள்ளையவர்கள் தம்மை நாடி வந்த மாணாக்கரிடம் பொருள் பெற்றதில்லை. பலருக்கு உணவும் உடையும் தாமே அளித்தார். மொத்தமாகக் கைக்கு வந்த பணம் வந்த வேகத்திலேயே கரைந்தது. கடன் அவருடைய வாழ்நாள் முழுதும் உடன்வந்தது. மாயூரத்தில் ஒருநாள் அவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்க எண்ணியபோது வீட்டில் எண்ணெய் இல்லை. வாங்கப் பணமும் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லாமல் அமர்ந்திருந்தவரின் நிலையறிந்து, மாணாக்கர் ஒருவர் தம்மிடமிருந்த சிறு தொகையைக் கொண்டு வாங்கிவந்தார். ஆதீனமும் சமீன்களும் போற்றிய மகாவித்துவானின் வீடு அது.

பொருள் முட்டுப்பாட்டின் மற்றொரு முகம் குசேலோபாக்கியானத்தில் வெளிப்படுகிறது. பெங்களூரில் வாழ்ந்த வல்லூர்த் தேவராச பிள்ளை செல்வர், தமிழார்வம் மிக்கவர். பிள்ளையவர்களை அங்கே வரவழைத்துப் பாடங் கேட்டார். மிகுந்த பொருளுதவியும் செய்தார். அவர் விருப்பப்படி குசேலோபாக்கியானம் பிள்ளையவர்களால் பாடப்பெற்றது. அச்சில் வெளிவந்தபோது ஆசிரியர் பெயர் தேவராச பிள்ளை என்றே இருந்தது. சூதசங்கிதையும் அச்செல்வரின் வேண்டுகோளால் எழுந்ததே. இச்செய்தியை உலகுக்கு விளக்கியவர் உ.வே.சாமிநாதையர். ஆசிரியரோ தம் நூல் என்று உரிமை பாராட்டவில்லை. தம் பாடல் தம் பெயரால் வழங்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அழுத்தமாக இருந்ததாகத் தோன்றவில்லை. மாணாக்கர் செய்யுளைத் திருத்தும்போது முழுப் பாடலையும் தாமே ஆக்கித் தந்துவிடுவதும் அவர் இயல்பு. இருப்பினும் இதனைக் கொடை என்று மட்டும் கூறி அமைதல் நேர்மையாகாது. வறுமையுற்ற குசேலர் செல்வனாகிய நண்பனைத் தேடிச் செல்லும் கதையை, செல்வர் ஒருவர் பெயரால் வறுமையுற்ற புலவர் பாடினார். அந்நூலின் பகுதிகள் நெடுங்காலம் பள்ளிப் பாடநூல்களில் தேவராச பிள்ளையின் பெயரோடு இடம்பெற்றன. பதிப்புரிமை என்ற கருத்து வேரூன்றாத காலத்தில், எழுதியவர் யார் என்பது பொருள் கொடுத்தவரால் முடிவாயிற்று.

1860ஆம் ஆண்டளவில் பிள்ளையவர்கள் மாயூரத்தை வாழிடமாக்கிக்கொண்டார். அதே ஆண்டில் சீகாழியில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் விருப்பத்தால் சீகாழிக் கோவை பாடினார். பிற்காலத்தில் 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம் என்னும் முதல் தமிழ் நாவலை வெளியிட்டவர் இவ்வேதநாயகரே. கிறித்தவராகிய அவர்மீது பிள்ளையவர்கள் குளத்துக்கோவை பாடினார். அவரும் பிள்ளையவர்களைப் புகழ்ந்து பல செய்யுட்கள் பாடினார். சிவபூசையில் வழுவாத சைவராகிய பிள்ளையவர்களின் மாணாக்கர் கூட்டமும் இவ்வாறே பரந்தது. நாகூர்க் குலாம் காதிறு நாவலர் இசுலாமியர், சவரிராயலு நாயக்கரும் சவேரிநாத பிள்ளையும் கிறித்தவர்கள், பூவாளூர்த் தியாகராச செட்டியார் சைவர், சாமிநாதையர் பிராமணர். சாதிக் கட்டுப்பாடு உணவில் இருந்தது. சாமிநாதையர் ஆசிரியர் வீட்டில் உண்ண இயலாது. வேறிடத்தில் உண்டு வந்து பாடங் கேட்டார். பாடம் நடக்கும் திண்ணையில் அக்கட்டுப்பாடு இல்லை.

இசையிடம் மட்டும் அவருக்கு மனம் இணங்கவில்லை. மாயூரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதையர் சங்கீதம் கற்று வந்ததை அறிந்தபின் ஆசிரியர் மகிழவில்லை. மாணாக்கர் அப்பயிற்சியை விட்டுவிட்டார். பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பலமுறை வந்தும், பிள்ளையவர்கள் காலம் தாழ்த்திக்கொண்டே இருந்தார். இலக்கணப் பிழைகள் ஒரு தடை. பெரிய புராணத்தினின்று கதை விலகிச் சென்றது மற்றொரு தடை. அக்காலத்தில் பாயிரம் என்பது வெறும் மரியாதை அன்று. அச்சிட்ட நூலை வாங்குவோர் முதலிற் பார்ப்பது பாயிரம் தந்த புலவர்களின் பெயர்களையே. ஒரு நாள் பாரதியார் திண்ணையில் அமர்ந்து நந்தனாரின் ஏக்கத்தை உருகிப் பாடினார். உள்ளிருந்து கேட்ட பிள்ளையவர்கள் கண்ணீர் சோர வெளியே வந்தார், பாயிரமும் தந்தார். இலக்கணம் அறியாதார் பாடலும் நெஞ்சைத் தொடும் என்பதை இலக்கணக் கடல் ஒப்புக்கொண்ட நாள் அது.

திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் அம்பலவாண தேசிகர் அவருக்கு மகாவித்துவான் என்னும் பட்டம் வழங்கினார். அடுத்து வந்த சுப்பிரமணிய தேசிகர் காலத்தில் பிள்ளையவர்கள் மடத்தின் ஆதீன வித்துவானாக விளங்கினார். சைவ மடங்கள் அக்காலத்தில் தமிழுக்குக் கல்லூரியாகவும் நூலகமாகவும் பயன்பட்டன. திருவண்ணாமலையில் தோன்றிப் பின்னர்க் குன்றக்குடியில் நிலைபெற்ற திருவண்ணாமலை ஆதீனமும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. மடத்தில் தம்பிரான்கள் ஒருபுறமும் வெளி மாணாக்கர் ஒருபுறமும் அமர்ந்து பாடங் கேட்டனர். கவலையின்றி உண்ணவும் கற்பிக்கவும் பிள்ளையவர்களுக்கு வாய்த்த இடம் அதுவே.

சாமிநாதையர் 1871ஆம் ஆண்டு, 16ஆம் வயதில், தந்தையாருடன் மாயூரம் வந்து சேர்ந்தார். அவருடைய பெயர் வேங்கடராமன். வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் வினவ, வீட்டில் சாமிநாதன் என்று அழைப்பதுண்டு என்றார். அன்று முதல் அப்பெயரே நிலைத்தது. அடுத்துவந்த 5 ஆண்டுகளில் அவர் கண்ட ஆசிரியர், சொல்லுக்குச் சொல் பொருள் கூறி நேரம் போக்குபவர் அல்லர். பாடல்களை நிரம்பப் படிக்கச் செய்வார். ஐயம் எழும் இடத்தில் மட்டும் விளக்குவார். ஒப்புமைப் பாடல்கள் தாமாக வந்து விழும். கற்பிக்கும் நேரம், பாடல் இயற்றும் நேரம் என்ற பிரிவு அவரிடம் இல்லை. மாணாக்கர் ஏடும் எழுத்தாணியுமாக எதிரில் இருப்பார். ஆசிரியர் சொல்லிக்கொண்டே செல்வார். எழுதுகிறவர் கை ஓய்ந்தாலும் அவர் நா ஓயாது. அம்பர்ப் புராணத்தின் பாடல்களை வண்டியிற் பயணம் செய்யும்போதே பாட, மாணாக்கர் ஏட்டில் எழுதினர். செய்யுள் எப்படிப் பிறக்கிறது, எந்தச் சொல் ஏன் தள்ளப்படுகிறது, எந்த இடத்தில் புலவர் ஒரு கணம் நிற்கிறார் என்பதையெல்லாம் எழுதுகிற மாணாக்கர் நேரே கண்டார். எழுத்தாளரை உருவாக்கும் பயிற்சி என்று இன்று பேசப்படுவதற்கு இதைவிட நெருங்கிய முறை இருத்தல் அரிது. நூற்பதிப்பில் சாமிநாதையர் பின்னர்க் காட்டிய பாட உணர்வுக்கும் இந்த ஏட்டெழுத்தே அடித்தளம்.

ஓர் உண்மையை மறைக்கலாகாது. பிள்ளையவர்கள் கற்பித்தவற்றுள் புராணமும் பிரபந்தமும் கம்பராமாயணமும் மிகுதி. சங்க நூல்கள் இல்லை. சீவக சிந்தாமணியைப் பற்றி 1880இல் சேலம் இராமசாமி முதலியார் கேட்டபோதுதான் தாம் கற்றவற்றுக்கு அப்பால் ஓர் உலகம் இருப்பதைச் சாமிநாதையர் உணர்ந்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தபின் தமிழிலக்கிய மதிப்பீடே மாறத் தொடங்கிற்று. தலபுராணங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. ஆசிரியர் வாழ்நாளெல்லாம் வளர்த்த இலக்கிய வகையின் செல்வாக்கு, அவர் தம் கையால் உருவாக்கிய மாணாக்கரின் பணியாலேயே குறைந்தது. சிந்தாமணிப் பதிப்பாசிரியரின் ஆசான் என்று மட்டும் அவரை அறிமுகப்படுத்தும் பிற்கால வழக்கம் இதன் விளைவேயாகும். புராணங்களைப் படிக்காமலே அவற்றை ஒதுக்கியவர்கள் சேக்கிழார் பிள்ளைத்தமிழையேனும் படித்திருக்கலாம்.

தொழில்வழியும் மாணாக்கர் காலத்திலேயே மாறிவிட்டது. தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகி மாதச் சம்பளம் பெற்றார். தாம் ஓய்வு பெற்றபோது 1880இல் அவ்விடத்தைத் தம் ஒருசாலை மாணாக்கராகிய சாமிநாதையருக்கு வாங்கித் தந்தார். தொடக்கச் சம்பளம் 50 ரூபாய். மாதம் பிறந்தால் வருமென்று உறுதியாகச் சொல்லத்தக்க அத்தகைய தொகையை ஆசிரியர் கண்டதேயில்லை. அந்த நன்றியால் சாமிநாதையர் சென்னைத் திருவல்லிக்கேணியில் தம் வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். நூல் வெளியீட்டுக்கு முன்பே கையொப்பம் சேர்த்து அச்சுச் செலவைத் திரட்டும் முறையையும் அவர் கையாண்டார். ஒரு செல்வரை நம்பிய புலமை, பலரிடமிருந்து சிறு தொகை பெறும் பதிப்புத் தொழிலாக மாறிய காலம் அது.

பிள்ளையவர்களின் உடல்நலம் 1875ஆம் ஆண்டில் தளர்ந்தது. கால் வீக்கமும் சோர்வும் மிக்க நிலையிலும் திருவாவடுதுறையில் பாடம் நின்றபாடில்லை. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் இறுதி நெருங்கியது. சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் சார்த்தித் தாங்கிக்கொண்டார். திருவாசகத்தின் அடைக்கலப் பத்தைச் சாமிநாதையர் படித்தார். அதைக் கேட்டுக்கொண்டே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 60 நிறைந்து, 61 நடந்துகொண்டிருந்தது. கடன் தீர்ந்திருக்கவில்லை.

சிதறிக் கிடந்த சிற்றிலக்கியங்களைத் தொகுத்துச் சாமிநாதையர் 1910இல் பிரபந்தத் திரட்டாக வெளியிட்டார். தம் 78ஆம் வயதில், 1933இலும் அடுத்த ஆண்டிலுமாக, ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். தமிழ்ப் புலவர் ஒருவருக்கு அத்துணை விரிவாக எழுந்த முதல் வாழ்க்கை வரலாறுகளுள் அது ஒன்று. எந்த ஊரில் யார் பொருள் கொடுத்தார், எந்த நூல் யார் பெயரால் வந்தது என்பனவெல்லாம் அதில் பதிவாயின. குசேலோபாக்கியானத்தின் ஆசிரியர் பெயர் மட்டும் பல நூலகப் பட்டியல்களில் அதன் பின்னரும் தேவராச பிள்ளை என்றே நீடித்தது.